மேற்பரப்பின் சொரசொரப்பை அளக்க எதை நம்பலாம்: ஊசியா, குவியமா, வெளி ஆய்வகமா?

கொழும்பு கிராண்ட்பாஸ் பக்கம் பிளாஸ்டிக் பொருட்களுக்கு மோல்ட் செய்யும் ஒரு பட்டறை. வேலை கொடுத்த கம்பனி அனுப்பிய வரைபடத்தில் சொரசொரப்பு எண்ணாக மோல்டின் வெளித்தெரியும் பக்கத்துக்கு "ஆர்ஏ 3.2" என்றும், மூடி பொருந்தும் பக்கத்துக்கு "ஆர்ஏ 0.4" என்றும் குறித்திருந்தார்கள். மோல்டோடு அளந்த அறிக்கையும் வரவேண்டும் என்று ஒரு வரி. பட்டறை அண்ணை என்னிடம் கேட்டது இதுதான்: "தம்பி, ஊசி மெஷின் ஒண்டு வாங்கினாக் காணுமோ? இல்லாட்டி இப்ப கமராவால அளக்கிறது எண்டு வருதே, அதுக்குப் போகட்டோ?"

தரக்கட்டுப்பாட்டு வேலையில் இருப்பதால் இதே கேள்வி பஞ்சிகாவத்தையில் எஞ்சின் வேலை செய்கிறவர்களிடம் இருந்தும், இறப்பர் பொருள் செய்கிறவர்களிடம் இருந்தும் வருகிறது. எல்லோரும் "எந்தக் கருவி நல்லது" என்றுதான் தொடங்குகிறார்கள். கருவியை விட்டுவிட்டு முதலில் மேற்பரப்பைப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அது மங்கலா பளபளப்பா, கடினமா மெத்தையா, சரிவு அதிகமா, கையெட்டும் இடமா துளைக்குள்ளா? இவற்றுக்குப் பதில் கிடைத்தால் பாதித் தெரிவு தானாக முடிந்துவிடும்.

அந்த ஆர்ஏ எண் என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. மேற்பரப்பின் குறுக்கே ஒரு கோடு இழுத்து, அதன் மேடு பள்ளங்கள் நடுக்கோட்டில் இருந்து சராசரியாக எவ்வளவு விலகி நிற்கின்றன என்று பார்க்கிறோம். அந்தச் சராசரி, மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கான மைக்ரோன் கணக்கில் வருவது ஆர்ஏ. சராசரி என்பதால் அது நிறைய மறைக்கும். கூர்மையான முனைகள் எழுந்து நிற்கும் தகடும், மட்டமான முகத்தில் ஆழக் கீறல்கள் ஓடும் தகடும் ஒரே ஆர்ஏயைக் காட்டலாம். முதலாவது ஒரு இறப்பர் சீலைச் சில நாளில் தின்றுவிடும், இரண்டாவது எண்ணெயைப் பிடித்துவைத்துக் காப்பாற்றும்.

சரி, கையில் இருக்கும் வழிகள் எவை? மாதிரித் தகட்டோடு ஒப்பிட்டுத் தடவிப் பார்ப்பது, ஊசி முனையை ஓடவிடுவது, நுணுக்குக்காட்டியின் குவியத்தை மேலும் கீழும் நகர்த்தி உயரத்தைக் கண்டுபிடிப்பது, ஒளியலைகளின் குறுக்கீட்டைப் பயன்படுத்துவது. இவற்றில் எதையும் வாங்காமல் மாதிரியை வெளி ஆய்வகத்துக்கு அனுப்புவதும் ஒரு வழி.

மாதிரித் தகடு பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். மோல்ட் வேலைக்கு ஜேர்மன் பொறியியலாளர் சங்கத்தின் விடிஐ 3400 வரிசைத் தகடு உலகெங்கும் பழக்கத்தில் இருக்கிறது. மின்பொறியால் உருக்கை அரிக்கும் ஸ்பார்க் மெஷினில் எரித்த மேற்பரப்புகள் 12 முதல் 45 வரை மூன்று மூன்றாகக் கூடும் எண்களில் அதில் பதிந்திருக்கும். 12 என்றால் ஆர்ஏ 0.4 மைக்ரோன், 30 என்றால் 3.15. எண் 6 கூடினால் ஆர்ஏ இரட்டிக்கும். நகத்தால் மாறி மாறிக் கீறிப் பார்த்தால் பழகிய கைக்கு அடுத்தடுத்த இரண்டு தகடுகளின் வித்தியாசம் தெரியும். ஆனால் ஸ்பார்க் தகட்டை வைத்துக் கிரைண்டிங் செய்த முகத்தை ஒப்பிடக்கூடாது. கிரைண்டிங் கோடுகள் ஒரே திசையில் ஓடுவதால் விரல் ஏமாந்துபோகும். எந்தப் பட்டறையிலும் இந்தத் தகடு இருக்கத்தான் வேண்டும். அறிக்கை எழுத மட்டும் இது உதவாது.

ஊசிக் கருவி

ஆர்ஏ என்ற அளவே ஊசிக் கருவியோடு சேர்ந்து வளர்ந்தது. பிரித்தானியாவின் லெஸ்டரில் இருந்த டெய்லர் ஹொப்சன் நிறுவனம் 1941 இல் டாலிசர்ஃப் கருவியைக் கொண்டுவந்தது. அதற்குப் பிறகு பல பத்தாண்டுகளாகப் பொறியியல் வரைபடங்களில் வரும் சொரசொரப்பு எண்கள் எல்லாம் ஊசியை மனதில் வைத்து எழுதப்பட்டவை. ஒரு வாடிக்கையாளர் வெறுமனே ஆர்ஏ கேட்டால், பெரும்பாலும் அவர் கையிலும் ஊசிக் கருவிதான் இருக்கும். உங்கள் எண்ணும் அவர் எண்ணும் ஒத்துப்போக வேண்டும் என்றால் ஒரே மாதிரிக் கருவியில் அளப்பதே பாதுகாப்பு.

கையடக்க ஊசிக் கருவியில் 2 அல்லது 5 மைக்ரோன் ஆரையுள்ள வைர முனை இருக்கும். அது நொடிக்கு அரை மில்லிமீட்டர் போல நகரும். 2 மைக்ரோன் முனைக்கு வழக்கமான அழுத்தம் 0.75 மில்லிநியூட்டன். மின்கலத்தில் இயங்கும், எண்ணெய்ப் புகையிலும் வேலை செய்யும், செங்குத்தான சுவரில் சாய்த்துப் பிடித்தாலும் அளக்கும். அரை நிமிடத்துக்குள் எண் திரையில் வந்துவிடும். தரையதிர்வும் புழுக்கமும் நிறைந்த கொழும்புப் பட்டறைக்கு இவை சாதாரண அனுகூலங்கள் அல்ல.

அதன் குறைகள் முனையின் வடிவத்தில் இருந்து வருகின்றன. 90 பாகைக் கூம்பு முனையால் 45 பாகைக்கு மேல் சரிந்த சுவரைப் பின்பற்ற முடியாது, 60 பாகைக் கூம்புக்கு 60 பாகைதான் எல்லை. முனையின் ஆரையை விட ஒடுங்கிய பிளவுக்குள் அது இறங்காது. தும்புத்தடியின் பிடியால் தரையோட்டின் இடுக்கைத் துடைக்கப் போனால் என்ன நடக்குமோ அதுதான் நடக்கும், ஆழம் குறைவாகப் பதியும். மெத்தையான பொருளில் அழுத்தமே பிரச்சினையாகும். இறப்பர் அமுங்கிக் கொடுக்கும், தங்கத்திலும் மெல்லிய அலுமினியத்திலும் கோடு விழும். கண்ணாடி போலப் பொலிஷ் செய்த மோல்ட் முகத்தில் ஊசியை ஓடவிட்டால், அந்தக் கோடு பிறகு ஒவ்வொரு பிளாஸ்டிக் மூடியிலும் தெரியும்.

பலரும் கவனிக்காத இன்னொரு விஷயம் அளக்கும் நீளம். ஐஎஸ்ஓ 4288 என்ற சர்வதேச நியமத்தின் விதிப்படி (2021 இல் இதன் இடத்துக்குப் புதியது வந்துவிட்டது, கடைசியில் சொல்கிறேன்), கோலம் சீராகத் திரும்பத் திரும்ப வராத மேற்பரப்பில் ஆர்ஏ 0.1 முதல் 2 மைக்ரோன் வரை இருந்தால் வெட்டு அலைநீளத்தை 0.8 மில்லிமீட்டராக வைத்து 4 மில்லிமீட்டர் அளக்க வேண்டும். 2 முதல் 10 வரை இருந்தால் வெட்டு 2.5, நீளம் 12.5 மில்லிமீட்டர். வெட்டு அலைநீளம் என்பது சொரசொரப்பையும் பெரிய அலைவையும் பிரிக்கும் வடிகட்டி. அண்ணையின் மோல்டில் 3.2 கேட்ட பக்கத்துக்கு 12.5 மில்லிமீட்டர் நேர்ப்பாதை வேண்டும், 0.4 கேட்ட பக்கத்துக்கு 4 போதும். இரண்டையும் 0.8 வெட்டில் அளந்து அனுப்பினால் முதல் எண் உண்மையை விடக் குறைவாகவே வரும். கருவியின் பட்டனை மாற்றாமல் விட்டதால் திருப்பி அனுப்பப்பட்ட வேலைகளைப் பார்த்திருக்கிறேன்.

குவியத்தை நகர்த்தி அளப்பது

கமராவால் அளக்கும் முறைகளில், பட்டறை உலகத்துக்கு மிக நெருக்கமானது குவிய மாற்ற முறை என்று நினைக்கிறேன். நுணுக்குக்காட்டியில் ஒரு மேற்பரப்பைப் பார்க்கும்போது ஒரு குறிப்பிட்ட உயரத்தில் இருப்பது மட்டும் கூர்மையாகத் தெரியும், மேலும் கீழும் இருப்பவை கலங்கித் தெரியும். பொருளுக்கு அருகே இருக்கும் பொருளி வில்லையைக் கீழிருந்து மேலாகச் சிறு சிறு படியாக நகர்த்தி, ஒவ்வொரு படியிலும் ஒரு படம் எடுக்கிறோம். பிறகு மென்பொருள் ஒவ்வொரு புள்ளியையும் சுற்றியுள்ள சிறு சதுரத்தை எடுத்து, எந்தப் படத்தில் அங்கே ஒளி இருள் வேறுபாடு உச்சமாக இருக்கிறது என்று தேடுகிறது. உச்சம் வந்த படத்தின் உயரம்தான் அந்தப் புள்ளியின் உயரம். இரண்டு படிகளுக்கு நடுவே உச்சம் விழுந்தால், சுற்றியுள்ள மதிப்புகள் ஊடாக ஒரு வளைகோட்டைப் பொருத்தி அதன் உச்சியை எடுக்கும். கடைசியில் ஒரு உயர வரைபடமும், மேலிருந்து கீழ்வரை எல்லாம் கூர்மையாகத் தெரியும் ஒரு படமும் ஒரே தடவையில் கிடைக்கும்.

இந்த முறையைத் தொழிற்சாலைக் கருவியாக்கிப் பரப்பியதில் ஒஸ்திரியாவின் கிராஸ் நகரை அண்டிய அலிகோனா நிறுவனத்துக்குப் பெரிய பங்குண்டு. 2018 இல் அதை புருக்கர் நிறுவனம் வாங்கியது. முறைக்கென்று தனி நியமமும் வந்துவிட்டது, ஐஎஸ்ஓ 25178 வரிசையின் 606 ஆம் பகுதி, 2015 இல் வெளியானது.

ஸ்பார்க் மெஷினில் எரித்த உருக்கைக் குவியத்தின் ஊடாகப் பார்த்தால் இந்த முறை ஏன் பொருந்துகிறது என்று உடனே விளங்கும். கண்ணுக்குச் சாம்பல் மங்கலாகத் தெரியும் அந்த முகம் நூற்றுக்கணக்கான சிறு கிண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்த தரையாக இருக்கும். ஒவ்வொரு கிண்ணமும் ஒரு பொறி உருக்கைக் கரைத்துத் தூக்கிய இடம். விளிம்பில் உறைந்த உருக்கு உதடுபோல எழுந்திருக்கும், அடியில் மயிரிழை போன்ற வெடிப்புகளும் தெரியும். எங்கு பார்த்தாலும் ஒளியும் நிழலும் கலந்து கிடப்பதால், மென்பொருள் பிடித்துக்கொள்ள ஒவ்வொரு சதுரத்திலும் ஏதாவது இருக்கும். ஊசி ஒரு கோட்டை மட்டும் தருகிறது. இங்கே ஒரு பரப்பு முழுவதும் வருகிறது, அதனால் கிண்ணங்களின் ஆழம், எண்ணெய் தங்கும் கனவளவு, முனைகளின் அடர்த்தி எல்லாம் கணக்கிடலாம். வட்ட விளக்கு போட்டுப் பல பக்கங்களில் இருந்தும் ஒளி விழுந்தால் 80 பாகையைத் தாண்டிய சரிவுகளையும் அளக்க முடிகிறது. ஊசியால் நினைத்தும் பார்க்க முடியாத எல்லை இது.

அதே பலம்தான் பலவீனமும். கண்ணாடி போன்ற முகத்தில் ஒளி இருள் வேறுபாடே இல்லாததால் குவியம் எங்கே என்று மென்பொருளுக்குத் தெரியாது. உயர வரைபடத்தில் ஓட்டைகளும் பொய்யான முட்களும் வரும். அந்த முட்களையும் சேர்த்துக் கணக்கிட்டு ஒரு எண்ணை மெஷின் அச்சிட்டுத் தந்துவிடும், அதுதான் ஆபத்து. வண்ண வண்ணமான முப்பரிமாணப் படத்தைக் கண்டு மயங்கக்கூடாது என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணமும் இதுதான். ஊடு தெரியும் பிளாஸ்டிக், மெல்லிய இறப்பர் படலம் போன்றவற்றில் ஒளி உள்ளே போய்ச் சிதறித் திரும்புவதால், அளக்கப்படுவது மேற்பரப்பா அதற்குக் கீழே உள்ள அடுக்கா என்ற குழப்பம் வரும்.

எவ்வளவு நுணுக்கமாக அளக்கலாம் என்பது பொருளி வில்லையில் பொறித்திருக்கும் என்ஏ எண்ணில் தங்கியிருக்கிறது, வில்லை எவ்வளவு அகலமான கோணத்தில் ஒளியைச் சேர்க்கிறது என்பதை அது சொல்லும். பச்சை ஒளியின் அலைநீளம் 0.55 மைக்ரோன். அதை என்ஏயின் வர்க்கத்தால் வகுத்தால் குவிய ஆழம் ஏறக்குறைய வந்துவிடும். 10 மடங்குப் பொருளியில் என்ஏ 0.25 என்றால் ஆழம் 8.8 மைக்ரோன். 20 மடங்கில் 0.4 என்றால் 3.4. 50 மடங்கில் 0.8 என்றால் 0.86. நல்ல மெஷின் இந்த ஆழத்தின் மிகச் சிறிய பங்குவரை உயரத்தைப் பிரித்தறியும். ஆனால் உருப்பெருக்கம் கூடக் கூடப் பார்வைப் பரப்பு சுருங்கும். 7.2 மில்லிமீட்டர் அகலமுள்ள கமரா உணரியோடு 10 மடங்குப் பொருளியை வைத்தால் ஒரு படத்தில் 0.72 மில்லிமீட்டர்தான் அடங்கும். முன்னே சொன்ன 12.5 மில்லிமீட்டரை அளக்க, பத்துவீதம் மேற்பொருந்தும்படி 20 இடங்களில் படவரிசை எடுத்து ஒட்ட வேண்டும். மோட்டார் மேசையுள்ள மெஷின் அதைத் தானே செய்துவிடும். கையால் செய்வதற்கு நிறையப் பொறுமை வேண்டும்.

சொந்த நுணுக்குக்காட்டியில் செய்யலாமா?

செய்யலாம், எல்லையோடு. சொல்லப்போனால் குவியத்தைக் கையால் நகர்த்தி உயரம் அளப்பதற்கு ஒரு நியமமே இருக்கிறது. கப்பல் தகடு, பாலத் தூண், எண்ணெய்த் தாங்கி போன்றவற்றுக்குப் பெயின்ட் அடிக்குமுன் மணல் அல்லது உருக்குத் துகள் அடித்துச் சொரசொரப்பு ஏற்றுவார்கள். அந்த மேற்பரப்பை அளக்க ஐஎஸ்ஓ 8503 இன் மூன்றாம் பகுதி குவிய நுணுக்குக்காட்டி முறையை விவரிக்கிறது. பார்வைக்குள் தெரியும் மிக உயர்ந்த முனையில் குவித்து எண்ணை வாசி, பிறகு மிகத் தாழ்ந்த பள்ளத்தில் குவித்து வாசி, வித்தியாசத்தை எழுது, பல இடங்களில் செய்து சராசரி எடு. அவ்வளவுதான். கொழும்புத் துறைமுகத்தை அண்டிக் கப்பல் வேலை செய்கிறவர்களுக்கு இது நேரடியாகப் பயன்படும், ஏனென்றால் அங்கே தேடும் உயரங்கள் 50, 75 மைக்ரோன் என்று பெரிதாக இருக்கும்.

உலோகவியல் நுணுக்குக்காட்டி ஒன்று கையில் இருந்தால், நுண்குவியக் குமிழின் ஒரு கோடு 1 அல்லது 2 மைக்ரோனுக்குச் சமமாக இருக்கும். குமிழை எப்போதும் ஒரே திசையில் திருப்பியபடி படம் எடுத்தால் பற்சக்கரத்தின் தளர்வு குறுக்கிடாது. படங்களை அடுக்கி உயர வரைபடமாக்க இமேஜ்ஜே போன்ற இலவச மென்பொருளில் வசதி உண்டு. வந்த வரைபடத்தை வடிகட்டி எண்களாக்க, செக் குடியரசின் தேசிய அளவியல் நிறுவனத்தில் உருவான குவிடியன் இருக்கிறது, அதுவும் இலவசம். 20 மடங்குப் பொருளியில் கவனமாகச் செய்தால் உயரத்தில் அரை மைக்ரோன் அளவுக்குத் தெளிவு கிடைக்கலாம். ஆர்ஏ 3.2 மேற்பரப்பின் குணத்தைப் பார்க்க இது நன்றாகவே உதவும். ஆர்ஏ 0.4 ஐ இதில் அளந்தேன் என்று யாராவது சொன்னால் நான் ஏற்கமாட்டேன், அளக்கும் பொருளை விடப் பிழை பெரிது.

கொழும்பில் வெப்பமும் ஈரமும் வேறு சேர்கின்றன. உருக்கு ஒரு மீட்டருக்கு ஒரு பாகை செல்சியசில் ஏறக்குறைய 11.5 மைக்ரோன் நீளும். நுணுக்குக்காட்டியின் 200 மில்லிமீட்டர் தூண் ஒரு பாகை சூடேறினால் 2.3 மைக்ரோன் நகரும். ஏசி நின்று நின்று ஓடும் அறையில் படவரிசை எடுக்கச் சில நிமிடம் பிடித்தால், அந்த நகர்வு அப்படியே மேற்பரப்பின் உயரமாகப் பதியும். ஏசியைப் போட்டு அறை ஒரு நிலைக்கு வரும்வரை காத்திருந்து, வேகமாக எடுத்து முடிப்பது நல்லது. லொறி போகும் வீதியோரமாக மேசை இருந்தால் அதை உள்ளே மாற்ற வேண்டும். அப்புறம் வில்லையில் பூஞ்சணம். கடற்கரை ஈரத்தில் மூடிவைத்த பொருளிகளில் வலைபோலப் படரும் அந்தப் பூஞ்சணம் ஒளி இருள் வேறுபாட்டையே குறைத்துவிடும், குவிய முறைக்கு அதைவிடக் கேடு வேறில்லை. சிலிக்கா ஜெல் போட்ட காற்றிறுக்கப் பெட்டி பெரிய செலவில்லை. பொருளியைக் கழற்றி அதில் வைப்பதை ஒவ்வொரு மாலையும் ஒரு வேலையாகவே கொள்ளவேண்டும்.

பளபளப்பான முகங்களுக்கு

ஆர்ஏ 0.05 மைக்ரோனுக்குக் கீழே போகும் முகங்களுக்கு ஒளிக் குறுக்கீட்டு நுணுக்குக்காட்டிதான் சரி. உயரத்தை அது நனோமீட்டருக்கும் கீழே பிரித்தறியும், உருப்பெருக்கம் குறைந்தாலும் அந்தத் திறன் குறையாது. ஆனால் கூரான படிகளின் ஓரத்தில் இல்லாத முனைகளைக் காட்டும், சரிவு கூடினால் தகவலை இழக்கும், அதிர்வைச் சற்றும் பொறுக்காது. குவியத்துக்கு வெளியே இருந்து வரும் ஒளியை நுண்துளையால் தடுக்கும் கொன்போக்கல் முறை, குவிய மாற்றத்துக்கும் குறுக்கீட்டுக்கும் நடுவே நிற்கிறது, ஓரளவு பளபளப்பையும் ஓரளவு சரிவையும் தாங்கும். குறுக்கீட்டுக் கருவியும் கொன்போக்கல் கருவியும் ஒரு மோல்ட் பட்டறை வாங்கிவைக்க வேண்டிய பொருட்கள் அல்ல. பல்கலைக்கழகமும் ஆய்வு நிலையமும் வைத்துப் பராமரிக்க வேண்டியவை.

அச்சு எடுத்து அனுப்புவது

நான் உண்மையில் அதிகம் பேச விரும்பும் வழி இதுதான், ஏனென்றால் நம் பட்டறைகளில் இதைச் செய்கிறவர்கள் மிகக் குறைவு.

நூறு கிலோ மோல்டை யாரும் நுணுக்குக்காட்டியின் கீழே வைக்க முடியாது. எஞ்சின் சிலிண்டரின் உட்சுவருக்குப் பொருளி வில்லை எட்டாது. அதற்கு இரண்டு கூறு சிலிக்கோன் பசை இருக்கிறது. துப்பாக்கி போன்ற குழாயில் இருந்து இரண்டும் கலந்து வெளியே வரும். மேற்பரப்பைத் துடைத்து எண்ணெய் நீக்கி, பசையைத் தடவிச் சில நிமிடம் விட்டால் இறப்பர் போல இறுகிவிடும். உரித்து எடுத்தால் மேற்பரப்பின் தலைகீழ் அச்சு கையில். அளவியலுக்கென்றே செய்த பசைகள் 0.1 மைக்ரோன் அளவுக்குக்கூட நுண்மையைப் பிடிக்கின்றன. பல் வைத்தியர்கள் அச்செடுக்கும் பசையும் இதே இனம்தான், பார்வைக்கு அது போதும், எண் எழுதுவதற்கு அளவியல் பசையை வாங்குங்கள்.

இந்த அச்சு மெத்தையாக இருப்பதால் ஊசியை ஓடவிட முடியாது. ஆனால் சாம்பல் அல்லது கறுப்பு நிறத்தில், ஒளி ஊடு போகாமல், மங்கலாக இருப்பதால் குவிய மாற்ற முறைக்கு மிக நன்றாகப் பொருந்தும். ஊடு தெரியும் பிளாஸ்டிக்கையும் இறப்பர் படலத்தையும் நேரே அளக்க முடியாது என்றேனே, அவற்றுக்கும் இதே வழி. ஒரு சின்ன டப்பாவில் போட்டு 138 பஸ்ஸில் ஹோமாகமவுக்கோ, 101 இல் கட்டுபெத்தவுக்கோ கொண்டுபோகலாம். மோல்ட் பட்டறையிலேயே இருக்கும், வேலையும் நிற்காது.

ஒரு விஷயத்தை மறக்கக்கூடாது. அச்சில் மேடு பள்ளமாகும், பள்ளம் மேடாகும். ஆர்ஏயும் மொத்த உயரமும் மாறாது. முனைகள் அதிகமா குழிகள் அதிகமா என்று சொல்லும் சாய்வு எண்ணின் குறி மட்டும் தலைகீழாகும். அளக்கிறவரிடம் "இது அச்சு, புரட்டிக் கணக்கிடுங்கள்" என்று எழுதிக் கொடுத்துவிட வேண்டும். பஞ்சிகாவத்தையில் சிலிண்டர் ஹோனிங் (உட்சுவரைத் தேய்த்துச் சீராக்குவது) செய்கிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். குறுக்கு மறுக்காக ஓடும் கீறல்கள் எண்ணெயைப் பிடிக்க வேண்டும், அவற்றின் இடையே உள்ள மேடை பிஸ்டன் வளையத்தைத் தாங்க வேண்டும். இதை ஆர்ஏ சொல்லாது. முனை, மையம், பள்ளம் என்று மூன்றாகப் பிரிக்கும் ஆர்கே வரிசை எண்களைத்தான் கேட்க வேண்டும். அச்சைப் புரட்டாமல் கணக்கிட்டால் முனையும் பள்ளமும் இடம் மாறிவிடும்.

ஹோமாகமவில் தேசிய அளவீட்டு நியமங்களைப் பேணும் திணைக்களம் இருக்கிறது, அருகே நனோதொழில்நுட்ப நிறுவனமான ஸ்லின்டெக் இருக்கிறது. கொழும்பு 7 இல் கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனம், கட்டுபெத்தவில் மொறட்டுவைப் பல்கலைக்கழகம். போகுமுன் தொலைபேசியில் மூன்றைக் கேளுங்கள்: என்ன முறையில் அளப்பீர்கள், சான்றிதழில் அளவீட்டின் நிச்சயமின்மை எழுதப்படுமா, இந்தக் குறிப்பிட்ட அளவீட்டுக்கு, ஆய்வகங்களின் தகுதிக்கான நியமமான ஐஎஸ்ஓ 17025 இன் அங்கீகாரம் இருக்கிறதா. அங்கீகாரம் ஒரு ஆய்வகம் முழுவதற்கும் ஒரே தரமாகக் கிடைப்பதில்லை, அளவீடு அளவீடாகப் பட்டியலிடப்படும். இலங்கை அங்கீகாரச் சபை அந்தப் பட்டியலை வெளியிடுகிறது.

அப்படியானால் எதை எடுப்பது?

கிராண்ட்பாஸ் அண்ணைக்கு நான் சொன்னது: விடிஐ தகடும் ஒரு கையடக்க ஊசிக் கருவியும் வாங்குங்கள். மாதத்துக்கு எத்தனை மோல்ட் போனாலும் அவை இரண்டும் சலிக்காது. குவிய மெஷினை இப்போது வாங்க வேண்டாம். புதிய கோலம் ஒன்றை முதல் தடவை எரிக்கும்போதும், வாடிக்கையாளரோடு எண்ணில் பிணக்கு வரும்போதும், 12.5 மில்லிமீட்டர் நேர்ப்பாதை இல்லாத சிறிய குழிகளிலும் அச்செடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். அவருக்கு முதலில் ஏமாற்றம்தான். "படம் காட்டினாக் கஸ்டமர் நம்புவான் எல்லே தம்பி?" என்றார். படம் உண்மையாகவே உதவும், மறுக்கவில்லை. அந்தப் படத்துக்கு ஒரு சாதாரண நுணுக்குக்காட்டியும் கமராவும் போதும், பெரிய மெஷினின் கடனைக் கட்ட வேண்டியதில்லை.

எஞ்சின் வேலைக்காரருக்கும் ஊசிதான் முதல், ஆனால் ஆர்கே எண்களைக் கணக்கிடும் மாதிரியைப் பார்த்து வாங்க வேண்டும், எல்லாக் கையடக்கக் கருவியிலும் அது இல்லை. பெயின்ட்டுக்கு முன்னான உருக்குத் தகட்டுக்குக் குவிய நுணுக்குக்காட்டியும் ஒப்பீட்டுத் தகடும் போதும். செட்டியார் தெருப் பொன் வேலைக்கு ஊசி வேண்டவே வேண்டாம், பொலிஷ் முகத்துக்குக் குறுக்கீட்டு முறை உள்ள ஆய்வகம், மங்கல் முடிப்புக்குக் குவிய முறை.

முழுக் குவிய மாற்ற மெஷினை நியாயமாக வாங்கக்கூடியவர்கள் வெட்டுக் கருவிகளின் விளிம்பு, முப்பரிமாண அச்சுப் பொருள், தேய்ந்த இறப்பர், உடைந்த உலோக முகம் என்று தினமும் விதவிதமாக அளக்கிறவர்கள். அவர்களுக்கு நான் சொல்வது, விற்பனையாளரின் மாதிரியில் அளந்து காட்டச் சொல்லாதீர்கள், உங்கள் பொருளை நீங்களே கொண்டுபோங்கள். மெஷினின் செங்குத்து நகர்வுக்கு அளவுகோல் பொருத்தியிருக்கிறதா, அல்லது மோட்டாரின் படிகளை மட்டும் எண்ணுகிறதா என்று கேளுங்கள். அளக்க முடியாத புள்ளிகளை வெற்றிடமாகக் காட்டுகிறதா, தானாக நிரப்பி மறைக்கிறதா என்று பாருங்கள். கூட வரும் கலிபிரேஷன் மாதிரி எப்படிப்பட்டது என்பதும் முக்கியம். ஊசிக் கருவியோடு வரும் பளபளப்பான தகட்டைக் குவிய முறையால் ஒழுங்காக வாசிக்க முடியாது, மிக நுண்ணிய சொரசொரப்பு ஊட்டிய தனி மாதிரி வேண்டும். வடிகட்டி எண்களை நீங்களே வைக்க முடிய வேண்டும், இல்லாவிட்டால் ஊசியோடு ஒருநாளும் ஒத்துப்போகாது.

எந்த வழியை எடுத்தாலும், வேலையை ஏற்கும்போதே வாடிக்கையாளரோடு எழுத்தில் முடித்துக்கொள்ள வேண்டியவை சில உண்டு. எந்த முறை, எந்த வெட்டு அலைநீளம், எத்தனை இடம், கோலத்துக்கு எந்தத் திசையில். பழைய ஐஎஸ்ஓ 4288 விதியில் அளந்த எண்களில் 16 சதவீதம் எல்லையைத் தாண்டினாலும் வேலை தேறும். 2021 இல் அந்த நியமங்களின் இடத்துக்கு ஐஎஸ்ஓ 21920 வரிசை வந்துவிட்டது. வரைபடம் எந்த நியமத்தின்படி வரையப்பட்டது என்று கேட்டு, அந்த நியமத்தின் எண்ணையும் உங்கள் விலைமனுவின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.